உதவி தேவை: அப்பாவின் மொறிஸ் மைனரோடு பழைய கார் கழகத்தில் சேர்வது எப்படி?

கோப்பாய் மைனர்:
வணக்கம். அப்பா வைத்திருந்த மொறிஸ் மைனர் 1000 வீட்டுக் கொட்டிலில் நிற்கிறது. நாலு கதவு, 948 சி.சி. எஞ்சின், வாகனப் பதிவுப் புத்தகத்தில் 1959 என்று இருக்கிறது. அப்பா காலமான பிறகு யாரும் எடுத்து ஓடவில்லை. பழைய கார் கழகம் ஒன்றில் சேர வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. அதை நான் செய்து முடிக்க விரும்புகிறேன்.

எனக்குத் தெரிந்த கழகங்கள் கொழும்பில்தான் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சேர்ந்து பயன் உண்டா? ஓடாத காருக்கு இடம் தருவார்களா? இது வின்டேஜ் கணக்கில் வருமா? இன்னொன்று, போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடுவதற்கு எஞ்சின் பக்கம் ஒரு சின்னத் தாங்கியும் திருகுக் குழாயும் பூட்டியிருக்கிறார்கள். கராஜில் "அதைக் கழற்றி எறிஞ்சுபோட்டுப் புதுப் பெயின்ற் அடியுங்கோ, அப்பதான் கழகத்தில எடுப்பாங்கள்" என்று சொல்லி முற்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

வெள்ளவத்தை ஏ40:
தங்கச்சி, முற்பணம் கொடுக்க வேண்டாம். பெயின்ற் கடைசி வேலை.

வின்டேஜ் என்று கண்டிப்பாகச் சொன்னால் 1930 முடிவதற்குள் செய்த கார்கள்தான். இங்கிலாந்தில் 1934இல் தொடங்கிய வின்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் வைத்த எல்லை அது. உங்களுடையது கிளாசிக். பழைய வாகனங்களுக்கான உலகச் சம்மேளனமான ஃபீவா வயதுக் கணக்கில் 30 ஆண்டு தாண்டினாலே போதும் என்கிறது. ஆகையால் வயதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

இலங்கையில் வின்டேஜ் கார் ஓனர்ஸ் கிளப், கிளாசிக் கார் கிளப் ஒஃப் சிலோன் இரண்டும் பெயர் பெற்றவை. இரண்டுக்கும் எழுதுங்கள். எழுதும்போது ஆண்டு, மாதிரி, இலக்கத்தகடு, இப்போதைய நிலை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஓடாத கார் என்றால் அப்படியே சொல்லுங்கள். இந்த வட்டாரத்தில் பாதிப்பேர் ஓடாத காரோடு வந்தவர்கள்தான். வாகன உரிமையாளர் யார் என்பதை முதலில் சரிசெய்துவிடுங்கள். புத்தகம் இன்னும் அப்பாவின் பெயரில் இருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்ற வேண்டும். வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் இல்லாமல் எந்த ஊர்வலத்திலும் வீதியில் இறக்க முடியாது.

தூரம் உண்மைதான், ஏறத்தாழ 400 கி.மீ. ஆனால் கழகத்தின் பெறுமதி ஊர்வலத்தில் இல்லை. எந்தச் சாமான் யாரிடம் கிடக்கிறது, எந்தக் கை நல்ல கை என்பது அங்கேதான் தெரியவரும். வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் நாள் முழுக்க அலைந்தும் கிடைக்காத ஒரு ட்றிம் துண்டு எனக்கு ஒரு உறுப்பினரின் சாமான் அறையில் இருந்து கிடைத்தது.

சுன்னாகம் கராஜ்:
பிள்ளை, மண்ணெண்ணெய்த் தாங்கி விஷயத்தை நான் சொல்லுறன். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. மருந்துபோல் துளித்துளியாகத்தான் பெற்றோல் கிடைக்கும். அதைக் காபுறேற்றரில் கொஞ்சம் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால்தான் இந்த ஏற்பாடு. நோயாளியை ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடின ஒஸ்ரின், மொறிஸ் எல்லாம் இப்படித்தான் ஓடின.

ஓட்டத்துக்கு இனி அது தேவையில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் றிங் வழியாக இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும், பெயறிங் தேயும். குழாயைப் பிரித்து மூடிவிடுங்கோ. எஞ்சின் ஹெட்டைக் கழற்றினால் அதன் அடியில் உள்ள காஸ்கட் வழமையை விடத் தடிப்பா என்றும் பாருங்கோ. அமுக்கத்தைக் குறைக்கச் சிலர் அப்படிப் போட்டிருக்கினம். பெற்றோலில் ஓடும்போது இழுவை குறையும்.

வெள்ளவத்தை ஏ40:
ஐயா, பிரித்து மூடட்டும், ஆனால் கழற்றி எறியக் கூடாது. இங்கே போட்டிக்குக் கொண்டுவரும் மைனர்கள் பளபளவென்று ஒரே மாதிரி நிற்கின்றன. யாழ்ப்பாணத்துக் கார் என்று சொல்ல இந்த ஒரு தாங்கி போதும்.

சுன்னாகம் கராஜ்:
அதுக்கு நான் எதிர்ப்பில்லை. ஆனால் தாங்கியில் மிச்சம் கிடக்கும் மண்ணெண்ணெயை வடித்துக் கழுவிப்போட்டு வைக்கட்டும்.

லண்டன் வடமராட்சி:
ஒரு கழகம் மட்டும் போதாது என்பது என் அபிப்பிராயம். இங்கே 1976இல் தொடங்கிய மொறிஸ் மைனர் ஓனர்ஸ் கிளப் இருக்கிறது. வெளிநாட்டவரும் சேரலாம். உங்களுக்கு வேண்டிய நுட்பக் குறிப்புகள் அவர்களிடம்தான் அதிகம். கொழும்புக் கழகம் ஆட்களுக்கு, இந்தக் கழகம் அறிவுக்கு.

எஞ்சின் அறையில் உள்ள தகட்டைத் துடைத்துப் படம் எடுங்கள். கார் இலக்கம் எம், ஏ, எஸ், 3 என்று தொடங்கினால் மொறிஸ், ஏ வகை எஞ்சின், நாலு கதவு, 948 சி.சி. என்று பொருள். இரண்டு கதவென்றால் எஸ் முன் 2 இருக்கும். புத்தகத்தில் உள்ள இலக்கத்தோடு இது ஒத்துப்போக வேண்டும். கழகத்துக்கு எழுதும்போது பெயின்றை விட இந்தப் படம்தான் பேசும்.

காரின் உடல் தகடு உக்கியிருந்தாலும் மனம் தளர வேண்டாம். தொண்ணூறுகளில் இங்கே பாத் நகரத்து மொறிஸ் மைனர் நிலையத்தோடு சேர்ந்து இலங்கையிலேயே மைனருக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அந்த வேலை தெரிந்த கைகள் தெற்கில் இருக்கக்கூடும். கழகத்தில் விசாரியுங்கள்.

கோப்பாய் மைனர்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. தகட்டில் நீங்கள் சொன்னபடியே இருக்கிறது, புத்தகத்தோடும் ஒத்துப்போகிறது. பெயின்ற் வேண்டாம் என்று கராஜுக்குச் சொல்லிவிட்டேன். இரண்டு கழகங்களுக்கும் படங்களோடு எழுதப்போகிறேன். தாங்கி அப்படியே இருக்கும். இப்போது ஸ்ராட் பண்ணிப் பார்க்கலாமா? தம்பி தன் வானின் பற்றரியைக் கொண்டுவந்து பூட்டுகிறேன் என்கிறான்.

சுன்னாகம் கராஜ்:
பற்றரிக்கு அவசரப்பட வேண்டாம், பிள்ளை. முதலில் நாலு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எஞ்சின் எண்ணெய் விடுங்கோ. ஒரு நாள் ஊறவிட்டு, முன்னால் ஹான்டில் போட்டுக் கையால் சுற்றுங்கோ. இறுகினால் பலவந்தம் வேண்டாம், என்னைப் போன்ற ஆள் ஒருவரைக் கூப்பிடுங்கோ. சுற்றினால் பழைய எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றி, பழைய பெற்றோலையும் முழுதாக எடுத்துவிடுங்கோ.

பற்றரி பூட்ட முன் பொடியில் (காரின் உடலில்) பிடித்திருக்கும் வயரைப் பாருங்கோ. அந்தக் கால மைனருக்குப் பொடியில் பிடித்திருப்பது பொசிற்றிவ். வான் மாதிரி நெகற்றிவை பொடிக்குப் பூட்டினால் பிழையாகிவிடும். யாரும் இடையில் மாற்றியிருந்தால் வேறு கதை, டைனமோவையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேணும். எல்லாம் சரியென்றால் சாவியைத் திருப்பியதும் எஸ்.யூ. பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடித்து, காபுறேற்றர் நிரம்பினவுடன் நிற்கும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுக்கு, இல்லையென்றால் பெற்றோலே வரவில்லை. உடனே சாவியை நிப்பாட்டிப்போட்டுக் குழாய்களைக் கையால் தடவிப் பாருங்கோ.