பட்டம் முடித்த கையோடு முனைவர் ஆய்வா, கொஞ்சம் பொறுத்தா?

வெண்மேகம்:
உயிர்வேதியியல் இளநிலை இறுதியாண்டில் இருக்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் படிப்புக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடிந்துவிடும். “இப்போதே போட்டுவிடு, தள்ளிப்போட்டால் அப்படியே போய்விடும்” என்கிறார் என் பேராசிரியர். பாடம் எனக்குப் பிடிக்கும், மதிப்பெண்ணும் இருக்கிறது. ஆய்வு பிடிக்குமா என்பதுதான் தெரியவில்லை. ஒரு கோடை விடுமுறையில் ஆய்வகத்தில் இருந்ததோடு சரி. இந்த ஆண்டே விண்ணப்பிக்கலாமா, ஓரிரு ஆண்டுகள் ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டுப் போகலாமா?

கல்வெட்டு:
நான் உங்கள் பேராசிரியர் பக்கம். அமெரிக்காவில் இளநிலை முடித்தவர் நேராக முனைவர் படிப்பில் சேரலாம், முதுநிலை கட்டாயமில்லை. உங்கள் துறையில் பொதுவாகக் கல்விக் கட்டணத்தையும் அவர்களே ஏற்றுக்கொண்டு உதவித்தொகையும் தருகிறார்கள். ஒத்துவரவில்லை என்றால் முதுநிலைப் பட்டத்தோடு வெளியே வரப் பல இடங்களில் வழி இருக்கிறது. அதே முதுநிலைக்குத் தனியாக விண்ணப்பித்துப் போகிறவர்கள் பெரும்பாலும் கைப்பணத்தையோ கடனையோ நம்பித்தான் படிக்கிறார்கள்.

இன்னொன்று, பரிந்துரைக் கடிதம். பொதுவாக மூன்று கேட்பார்கள். இன்றைக்கு உங்களை முகம் பார்த்துத் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் போய் நின்றால் பழைய மதிப்பெண் பட்டியலைப் பார்த்து நான்கு வரி எழுதித் தருவார்கள்.

நெடுவழி:
வெளியே வர வழி இருக்கிறது என்று இவ்வளவு எளிதாகச் சொல்வது எனக்கு உறுத்துகிறது. அமெரிக்காவில் முனைவர் படிப்பு என்றால் ஐந்து, ஆறு ஆண்டுகள். அங்குள்ள மேற்படிப்புக் கல்வி நிறுவனங்களின் பேரவை (Council of Graduate Schools), தொடங்கியவர்களில் எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்று விரிவாக ஆராய்ந்து 2008இல் வெளியிட்டது. பத்தாண்டுகள் ஆன பிறகும் முடித்திருந்தவர்கள் ஏறத்தாழ 57 சதவீதம்தான். பொறியியலில் 64, மொழி, இலக்கியம், வரலாறு போன்ற கலைப்புலங்களில் 49. நன்றாகப் படிப்பவர்கள் என்று தேர்ந்தெடுத்துச் சேர்த்த மாணவர்களின் கணக்கு இது.

பாடம் பிடிப்பது வேறு, ஆய்வு பிடிப்பது வேறு. பாடத்தில் விடை ஏற்கெனவே இருக்கிறது. ஆய்வில் மாதக்கணக்காக ஒரு சோதனை பலிக்காது. ஏன் பலிக்கவில்லை என்று சொல்ல ஆளும் இருக்காது. அதைத் தாங்க முடிகிறதா என்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆய்வக உதவியாளராக இருந்தே தெரிந்துகொள்ளலாம்.

கல்வெட்டு:
அந்தக் கணக்கில் இருப்பவர்கள் 1990களில் சேர்ந்தவர்கள், அதை மறக்க வேண்டாம். வெண்மேகத்தின் துறை சார்ந்த உயிர் அறிவியலில் முடித்தவர்கள் 60 சதவீதத்தைத் தாண்டுகிறார்கள். முடிக்காத எல்லோரையும் தோற்றவர்களாகக் கணக்கெழுதுவதும் நியாயமில்லை. நல்ல வேலை கிடைத்து மனமாரப் போனவர்களும் அதில் உண்டு.

நெடுவழி:
மனமாரப் போனவர்களும் உண்டு, மனம் உடைந்து போனவர்களும் உண்டு. அந்த எண் இரண்டையும் பிரித்துக் காட்டாது. அதனால்தான் போவதற்கு முன்பே ஆய்வு நமக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ஆழ்கடல்:
சேர்க்கைக் குழுவில் இருந்து விண்ணப்பங்களைப் படித்த அனுபவத்தில் சொல்கிறேன். நீங்கள் இருவரும் ஆண்டுக் கணக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள். நாங்கள் தேடுவது ஒன்றைத்தான்: இந்த மாணவர் ஆய்வு செய்வதை நேரில் பார்த்த ஒருவர் என்ன சொல்கிறார்? “வகுப்பில் முதல் மாணவி, நேரந்தவறாதவர்” என்ற கடிதம் எங்களுக்கு ஒன்றும் சொல்வதில்லை. அது மதிப்பெண் பட்டியலிலேயே தெரிகிறது. “சோதனை மூன்று முறை பொய்த்தது, நான்காவது முறை அவரே ஒப்பீட்டு மாதிரியை மாற்றிப் பிழையைக் கண்டுபிடித்தார்” என்று ஒருவர் எழுதினால் அந்த விண்ணப்பத்தைத் தனியே எடுத்து வைப்போம். வெண்மேகம், உங்களைப் பற்றி அப்படி எழுத இன்று யாராவது இருக்கிறார்களா? இருந்தால் கல்வெட்டு சொல்வதைக் கேளுங்கள். இல்லையென்றால் ஆய்வகத்தில் கழியும் இரண்டு ஆண்டுகள் கடிதத்தைப் பழசாக்காது, புதிய கடிதத்தையே உருவாக்கும்.

போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்வது எல்லா நாட்டிலும் நடக்காது என்பதையும் இங்கே யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவில் உயிரியல் சார்ந்த பல துறைகளில் முதலாண்டில் இரண்டு, மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் மாறிமாறி வேலை செய்து, பிறகுதான் நெறியாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். தயக்கம் உள்ளவருக்கு அது பெரிய வசதி. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் நடைமுறை வேறு. அங்கே பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட பேராசிரியரின் குறிப்பிட்ட ஆய்வுத் திட்டத்துக்கு, வேலைக்கு விண்ணப்பிப்பது போலவே விண்ணப்பிக்கிறீர்கள். முதுநிலையும் பொதுவாக எதிர்பார்ப்பார்கள். சேரும் முதல் நாளே நெறியாளர் யார், தலைப்பு எது என்று முடிவாகியிருக்கும். ஆய்வு பிடிக்குமா என்ற கேள்வியோடு அங்கே போய் நிற்க முடியாது.

மாலைவெயில்:
பிரிட்டனில் ஓராண்டு முதுநிலை படித்துவிட்டு விண்ணப்பித்தால் என்ன? ஆய்வு பிடிக்கிறதா என்றும் தெரிந்துவிடும், கடிதமும் கிடைக்கும்.

ஆழ்கடல்:
பலர் இடறும் இடம் அதுதான். படிப்பு செப்டம்பரிலோ அக்டோபரிலோ தொடங்கும், முனைவர் விண்ணப்பம் டிசம்பரில் முடியும். புதிய பேராசிரியர் உங்களைப் பார்த்துப் பத்து வாரம்கூட ஆகியிருக்காது. ஆய்வேட்டு வேலை பெரும்பாலும் கோடையில்தான் வரும். ஆகவே அந்தச் சுற்றுக்கு உங்கள் கையில் இருப்பது பழைய கடிதங்கள்தாம். முதுநிலையை முடித்து, இன்னும் ஓராண்டு கழித்துச் சேரத் தயாராக இருந்தால் மட்டுமே அந்தக் கணக்கு சரியாக வரும்.

கல்வெட்டு:
கடிதம் பற்றி ஆழ்கடல் சொல்வதை ஏற்கிறேன். பொறுத்துப் போவதானாலும், மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. (GRE) தேர்வை இப்போதே எழுதிவிடுங்கள். மதிப்பெண் ஐந்தாண்டுகள் செல்லும்.

ஆழ்கடல்:
பணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு துறையின் அறிவிப்பையும் படியுங்கள். உயிரியல் துறைகளில் பல அந்தத் தேர்வைக் கேட்பதையே நிறுத்திவிட்டன. கொடுத்தாலும் பார்க்க மாட்டோம் என்று சொல்லும் துறைகளும் உண்டு. கேட்கும் இடத்துக்கு மட்டும் எழுதினால் போதும்.

வெண்மேகம்:
கோடையில் என்னுடன் வேலை செய்த ஆய்வாளர் ஒருவர் அப்படி எழுதக்கூடும், ஆனால் ஒரே ஒருவர்தான். இன்னொரு அச்சமும் இருக்கிறது. ஓர் இடம் கிடைத்து, “ஒரு வாரத்தில் சொல்” என்று நெருக்கினால் என்ன செய்வது?

நெடுவழி:
அமெரிக்காவில் அதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு. நான் மேலே சொன்ன அதே பேரவையின் ஏப்ரல் 15 தீர்மானத்தில் பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு அந்த நாளுக்கு முன் பதில் சொல்ல மாணவருக்குக் கடமை இல்லை. உங்களை அழைக்கும் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அந்த அவகாசத்தைப் பல்கலைக்கழக இணையதளத்தில் உள்ள படங்களைப் பார்த்துக் கழிக்காதீர்கள். நெறியாளரிடம் படித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், எழுதிக் கொடுத்ததை அவர் எவ்வளவு நாளில் படித்துத் தருகிறார் என்று அங்குள்ள மாணவர்களிடம் கேளுங்கள். ஆசிரியர் உடனிருக்கும்போது கேட்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து மயங்கி நெறியாளரைப் பார்க்காமல் விடுவதை நான் மன்னிக்கவே மாட்டேன். ஐந்தாண்டும் நீங்கள் தினமும் பதில் சொல்லவேண்டியது அவருக்குத்தான்.

வெண்மேகம்:
முதலாண்டில் ஆய்வகங்களை மாறிமாறிப் பார்க்க விடும் துறைகள் சிலவற்றுக்கு மட்டும் இந்த டிசம்பரில் விண்ணப்பிக்கிறேன். கூடவே ஆய்வக உதவியாளர் வேலைக்கும் எழுதுகிறேன். இரண்டும் கிடைத்தால் ஏப்ரலில் முடிவெடுப்பேன்.

கல்வெட்டு:
நல்லது. விண்ணப்பத்தோடு தரும் நோக்க அறிக்கையின் வரைவை இங்கே போடுங்கள், பார்த்துத் தருகிறோம். சிறுவயதில் அறிவியல் பிடித்த கதையை நீக்கிவிட்டு, அந்தக் கோடையில் என்ன கேள்வியைத் தேடினீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

நெடுவழி:
வேலைக்கே முதலிடம் கொடுங்கள் என்றுதான் நான் இப்போதும் சொல்வேன். விண்ணப்பிப்பதானால், ஒவ்வொரு துறையிலும் பாதியில் விட்டுப் போன ஒருவரையாவது தேடிப் பேசுங்கள்.