மருந்துச் சோதனை வடிவமைப்பு பக்கம் போக வழி சொல்லுங்கள்

வணக்கம். மருந்துச் சோதனைத் தரவுகளுக்கு சாஸ் (SAS) என்ற புள்ளியியல் மென்பொருளில் நிரல் எழுதி அட்டவணைகள் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். சோதனையை வடிவமைக்கும் புள்ளியியலாளராக வேண்டும் என்பது ஆசை.

மருந்துச் சோதனைகளின் புள்ளியியல் பற்றி 2019இல் இறுதியான ஐசிஎச் இ9 ஆர்1 (ICH E9 R1) என்ற சர்வதேச வழிகாட்டியைப் படித்துவருகிறேன். ஒரு நோயாளி பாதியில் வேறு மருந்துக்கு மாறிவிட்டால், அதன்பிறகு எடுத்த அளவீடுகளைச் சேர்ப்பதா, விடுவதா? சோதனை எந்தக் கேள்வியைக் கேட்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்ததே இந்த இடம்தான். யாருக்கு எந்த மருந்து என்ற மறைப்பை நீக்கும் முன்பே இதையெல்லாம் பகுப்பாய்வுத் திட்டத்தில் எழுதிவிட வேண்டும்.

அந்தத் திட்டத்தை எழுதிப் பழகுவது எப்படி? முனைவர் பட்டம் இல்லாமல் இந்தப் பக்கம் வந்தவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்களேன். அப்புறம், ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல் மொழியை இப்போதே கற்க வேண்டுமா?