"ஒல்லாந்தர் வீடு" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

மானிப்பாயாள்
பூட்டனார் வீடு எப்படிப்பட்டது என்று விளக்கத் தேவையில்லை. ஊருக்கு நான்கு நிற்கிறது. முன்னால் உருண்டைத் தூண் விறாந்தை, உள்ளே நடுவில் முற்றம் விட்ட நாற்சார், எல்லாம் மலாயா றெயில்வேச் சம்பளத்தில் கட்டியது. படம் எடுக்க வந்த ஒருவர் படலையில் நின்றபடியே "அசல் ஒல்லாந்தர் பாணி" என்றார். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், யாழ்ப்பாணத்தை விட்டது 1795இல். முகப்பில் சாந்தில் 1927 என்று முழ உயர இலக்கத்தில் இருக்கிறது. காட்டினேன். அண்ணாந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "அது திருத்திய வருடமாக இருக்கும்" என்றார். தேத்தண்ணீரோடு வந்த அம்மா தட்டோடு திரும்பிப் போய்விட்டார்.

ஓடு மாற்றியவன்
எங்கள் வீட்டில் சண்டை கூரையிலிருந்து இறங்கியது. மாரிக்கு முன் ஓடு மாற்ற ஏறினேன். ஓர் ஓட்டின் அடியில் பாசல் மிஷன் முத்திரை, கூடவே 1865. கீழே நின்ற சித்தப்பா அன்றிரவே கனடாவுக்கு அழைத்து "வீடு 1865" என்று அறிவித்துவிட்டார். அது பாசல் மிஷன்காரர் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம். பிறகு சுட்ட ஓடுகளிலும் அதே இலக்கத்தைப் போட்டார்கள். யார் கேட்கிறார்கள்?

மேசன் மகன்
மானிப்பாயாள் அக்கா, அவரை அவ்வளவு திட்ட வேண்டாம். பருத்த தூணும் இறக்கிய விறாந்தையும் ஒல்லாந்தர் வீடுகளில் இருந்தவைதான். அவர்கள் போன பிறகும் இங்குள்ள மேசன்மார் அதை விடவில்லை. என் அனுபவம் சின்னது: ஒரு பழைய சுவரில் ஐயா ஆணி அடிக்கச் சொன்னார், வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது, "சுண்ணாம்பு" என்றார். அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன், வீட்டை முகப்பில் படிக்காதீர்கள். முகப்பு ஊருக்குக் காட்டக் கட்டுவது. குசினிப் பக்கம், கிணற்றடிப் பக்கம் போங்கள். அங்கே பீலி ஓடு, அரைக்குழாய்போல வளைந்த பழைய ஓடு, மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். கூரையில் போட்ட பனைமர வளையை வைத்து வயது சொல்லாதீர்கள், அது எல்லாக் காலத்திலும் போட்டதுதான். யன்னலுக்கு மேல் கொங்கிறீற் தட்டு நீட்டியிருந்தால் அது பின்னால் வந்த வேலை. இன்னொன்று, சுண்ணாம்புச் சுவருக்கு எமல்ஷன் பூசவே கூடாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் சாந்து பொருமிக் கொட்டும். சுண்ணாம்பே அடியுங்கள்.

தெல்லிப்பழை
பெயின்ற் பற்றி யார் கேட்டார்கள், தம்பி? கிணற்றடி சரிதான், எங்களுக்குக் கூரை போன பிறகுதான் வீடு விளங்கியது. 1990இல் விட்டுவிட்டு ஓடிய வீடு. இராணுவம் காணியை விட்ட பிறகு போய்ப் பார்த்தால் ஓடில்லை, வளையில்லை, கதவு நிலைகளும் இல்லை. முன் மண்டபச் சுவர் பின்னால் உள்ள வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தில், மேலிருந்து கீழே ஒரே நேர்க்கோடாக வெடிப்பு, விரல் நுழைந்தது. ஒரு பக்கச் சாந்து நகம் பட்டாலே உதிர்ந்தது. மற்றப் பக்கம் சீமெந்து, திறப்பால் கீறினாலும் அசையவில்லை. அம்மா தையல் மெசின் வைத்திருந்த மூலை அது. பழைய நாற்சாரின் நெற்றியில் யாரோ ஒரு பங்களாவை ஒட்டியிருக்கிறார்கள், எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. இதற்கு ஒற்றைப் பெயர் கேட்பவர்களிடம் நான் இப்போது பேசுவதில்லை.

படலையடி
தெரியாமல் சொல்பவர்களை விடுங்கள், தெரிந்தே சொல்பவர்கள் இருக்கிறார்கள். பழைய கதவு வாங்க லொறியில் வந்தவர் எங்கள் தலைவாசல் கதவின் பித்தளைக் குமிழைத் தட்டிப் பார்த்தார். "இது பெரிய பழசில்லை அம்மா, இங்கிலீசுக்காரன் காலம்தான்" என்று மாமியிடம் விலையை இறக்கினார். மாமி கொடுக்கவில்லை. அடுத்த வீட்டில் கொடுத்தார்கள். அதை லொறியில் ஏற்றும்போது அவர் தொலைபேசியில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார், "ஒல்லாந்தர் கதவு ஒன்று கிடைத்திருக்கிறது" என்று. இரண்டு கதவும் ஒரே தச்சர் செய்தவை.