வயலட் பெர்ஃப்யூம்: ஊட்டிக் குளிரில் கால் மணி நேரத்தில் வாசம் எங்கே போகிறது?

லவ்டேல்வாசி:
50 மி.லி. யூனிசெக்ஸ் ஓ டி பர்ஃபம். பெட்டியில் போட்டிருப்பது வயலட் இலை, வயலட் பூ, ஓரிஸ் (ஐரிஸ் செடியின் வேர்), சிடார் மரம், வெள்ளைக் கஸ்தூரி. ஊட்டியில் காலையில் கழுத்தில் 2 ஸ்ப்ரே அடித்தால் முதலில் நறுக்கின வெள்ளரிக்காய் வாசம், கூடவே லேசா பெட்ரோல் நெடி. கால் மணி நேரத்தில் எனக்கு ஒன்றுமே தெரிவதில்லை. பக்கத்தில் நிற்பவர்களோ "பவுடர் வாசம் தூக்கலா இருக்கே" என்கிறார்கள். மேட்டுப்பாளையம் இறங்கி அடித்தால் வெள்ளரிக்காயே இல்லை, நேரா இனிப்புப் பவுடர்தான். பாட்டில் கெட்டுப்போச்சா, போலியா? ஸ்ப்ரேயைக் கூட்டலாமா?

குன்னூர்க்கூடை:
கூட்டாதீங்க. நீங்க சொல்வதைப் பார்த்தால் பாட்டில் நல்லாத்தான் இருக்கு. போலியில் பெரும்பாலும் ஸ்பிரிட் நெடி முன்னால் வரும், பிறகு கடைசி வரை ஒரே வாசம். உங்களுடையது இலையில் தொடங்கிப் பவுடருக்குப் போகிறது. அதுதான் சரியான நடை.

இதில் வயலட் இரண்டு பேர், இலையும் பூவும். இலைச் சாற்றில் நோனாடயினால் என்ற பொருள் இருக்கு. வெள்ளரிக்காய்க்கு அந்தப் பச்சை வாசம் தருவதும் அதுவேதான். இலை வாசத்தைத் தூக்கிக் காட்டச் சேர்க்கும் செயற்கைப் பொருள்கள் கொஞ்சம் முன்னே நின்றால் பெட்ரோல் சாயல் வரும். 1988இல் வந்த டியோரின் ஃபாரன்ஹைட்டை முகர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். அது குறையில்லை, வேண்டுமென்றே வைப்பது. இனிப்பை வெட்டி, ஆண் பெண் இருவருக்கும் பொருந்த வைப்பதும் இந்தப் பச்சைதான்.

பவுடர் வாசம் பூவுடையது. ஆனால் பூவிலிருந்து யாரும் எடுப்பதில்லை, கட்டுப்படியாகாது. 1893இல் டீமான், க்ரூகர் என்ற இரண்டு ஜெர்மன் வேதியியலாளர்கள் வயலட் பூ வாசம் தரும் அயனோன் என்ற பொருளைச் செய்து காட்டினார்கள்; அன்றிலிருந்து பாட்டிலுக்குள் இருக்கும் வயலட் பூ பெரும்பாலும் அதுதான். எலுமிச்சைப்புல் எண்ணெயில் இருக்கும் சிட்ராலிலிருந்து அதைச் செய்வார்கள்.

உங்க சிக்கல் இந்த அயனோன். மூக்கு இதற்கு வெகு சீக்கிரம் பழகி, "இல்லை" என்று சொல்லிவிடும். கொஞ்சம் விலகி வந்தால் திரும்பத் தெரியும். வாசம் உங்க மேல்தான் இருக்கு, உங்களுக்குத்தான் தெரியவில்லை. இப்படிச் சோதிங்க: துவைத்துக் காயவைத்த பருத்திக் கைக்குட்டையில் 1 ஸ்ப்ரே அடித்து வேறு அறையில் வையுங்க. உங்க மேல் எதுவும் போடாமல் அரை மணி வெளிக்காற்றில் நின்றுவிட்டு வந்து முகருங்க. வாசம் வந்தால் மூக்கின் வேலை. மூக்கைத் தெளிவாக்கக் கடையில் தரும் காபிக்கொட்டையெல்லாம் முகர வேண்டாம், வெறும் காற்றே போதும்.

கோத்தகிரிக்காரி:
மேட்டுப்பாளையம் சங்கதிக்குக் காரணம் சூடு. இலைப் பொருள்கள் சட்டென்று ஆவியாகிறவை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அந்தக் குளிரில் தோல் மேலேயே அவை கொஞ்ச நேரம் தங்கும். கீழே வெயிலில் சில நிமிஷத்தில் பறந்துவிடும், அயனோனும் கஸ்தூரியும் முன்னுக்கு வந்துவிடும்.

மலையில் இன்னொரு தொல்லை, டிசம்பர் ஜனவரியில் தோல் வறண்டு கிடக்கும். வறண்ட தோலில் எந்த பெர்ஃப்யூமும் நிற்காது. வாசமில்லாத வாஸ்லைன் ஒரு பட்டாணி அளவு எடுத்து முழங்கை மடிப்பிலும் கழுத்தோரத்திலும் தடவி, 5 நிமிஷம் விட்டு, ஒரு சாண் தள்ளி அடிங்க. தேய்க்க வேண்டாம். தாடைக்கு நேர் கீழே அடித்தால் மூக்கு நாள் பூரா அதிலேயே கிடக்கும், இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். கழுத்தின் பின்பக்கம் 1, முழங்கை மடிப்பில் 1, அவ்வளவுதான்.

முக்கியமா, சளிக்கு நீலகிரித் தைலம் தடவின அன்று இதைப் போடவே போடாதீங்க. தைலத்துக்கு முன்னால் வயலட் ஒன்றுமே இல்லாமல் போய்விடும்.

டீமேக்கர்:
குன்னூர்க்கூடை சொன்னதோடு ஒன்று. கறுப்புத் தேயிலையின் பூ வாசத்தில், அயனோனில் ஒரு வகையான பீட்டா அயனோனுக்கும் பங்கு உண்டு. இலையில் இருக்கும் கரோட்டின் பதப்படுத்தும்போது உடைந்து அது வருது. உறைபனிக் காலத்து ஆர்தடாக்ஸ் (இலையைச் சுருட்டிச் செய்யும்) தேயிலை டப்பாவைப் புதிதாகத் திறந்து முகர்ந்து பாருங்க, லினலூல், ஜெரானியால் என்ற மற்ற பூ வாசப் பொருள்களோடு அதுவும் கலந்திருக்கும்.

இன்னொன்று, பீட்டா அயனோன் எல்லா மூக்குக்கும் ஒரே மாதிரி தெரியாது. 2013இல் வந்த ஆய்வு இதற்கு ஓஆர்5ஏ1 என்ற மரபணுவில் உள்ள வேறுபாட்டைக் காட்டியது. சிலருக்குப் பூவாகத் தெரிவது, சிலருக்குப் புளிப்பாகவோ வெகு மங்கலாகவோ தெரியும். அதனால் வயலட் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி முழுப் பாட்டிலுக்குப் போகாதீங்க. 2 மி.லி. சாம்பிள் வாங்கி, ஒரு தடவை மலையில், ஒரு தடவை சமவெளியில் தோலில் போட்டுப் பார்த்து முடிவு பண்ணுங்க. கடையில் முகரத் தரும் காகிதப் பட்டையில் இலைதான் அழகாத் தெரியும், பவுடர் எவ்வளவு ஏறும் என்பதைத் தோல்தான் சொல்லும்.

லவ்டேல்வாசி:
ரொம்ப நன்றி. கைக்குட்டையில் வாசம் அப்படியே இருக்கு, அப்போ மூக்குதான். ஸ்வெட்டர் மேல் அடிக்கலாமா அக்கா? வெளியே போனால் தோலே தெரியாத அளவு மூடித்தானே போகிறோம்.

கோத்தகிரிக்காரி:
அடிக்கலாம், ஆனால் உள்பக்கம், கழுத்துப் பட்டிக்குக் கீழே 1 ஸ்ப்ரே மட்டும். கம்பளி அயனோனையும் கஸ்தூரியையும் நாள்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும். தினமும் அடித்தால் பழைய பவுடர் வாசம் மேலே மேலே சேர்ந்து இலையை அமுக்கிவிடும். பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த ஸ்வெட்டர் என்றால் முதலில் நிழலில் நன்றாகக் காற்றாட விடுங்க. அந்த நெடியோடு வயலட் சேர்ந்தால் தலைவலிதான். வெளிர் நிறத் துணியிலும் பட்டிலும் அடிக்க வேண்டாம், கறை விழலாம். பாட்டிலை ஜன்னலோரம் வைக்காமல் பெட்டியோடு அலமாரியில் வையுங்க. வெயில் பட்டால் முதலில் கெடுவது உங்க வெள்ளரிக்காய்தான்.