ஓடிஜியில் பழக்கேக்: மேல கரியுது, நடுவுல வேகல. என்ன செய்யணும்?

நாகர்கோவில்_புதுஅடுப்பு:

ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில் மூணும் சேர்ந்த மின் அடுப்பு) வாங்கி மூணு வாரம் ஆகுது. 30 லிட்டர், 1600 வாட். சூடாக்குற ராடு மேல ரெண்டு, கீழ ரெண்டு, ஃபேன் உண்டு, கோழி சுத்துற கம்பியும் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முன்னால பழக்கேக் கைக்கு வரணும்னு ரெண்டு தடவ போட்டாச்சு, ரெண்டும் ஒரே கோலம்.

அளவு: மைதா 200 கிராம், வெண்ணெய் 200, சீனி 200, முட்டை 4, ஊறவச்ச பழம் 350, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன். டின் 8 இஞ்ச் வட்டம், 3 இஞ்ச் உயரம், கறுப்பு நான்ஸ்டிக். 180 டிகிரி, ரெண்டு பக்க ராடும் ஆன், நடுத்தட்டு, 50 நிமிஷம். 25 நிமிஷத்துலயே மேல கறுத்து மலை மாதிரி வெடிச்சிடுது. குச்சி குத்துனா நடுவுல பச்சை மாவு. பழமெல்லாம் அடியில போய் உக்காந்திருக்கு.

இன்னும் ரெண்டு கேள்வி. அயிலை மீன் மசாலா புரட்டி வச்சா வறுபடாம தண்ணி விட்டு அவிஞ்சு போகுது. அப்புறம், அரை மணி நேரம் ஓடுனா பிளக்கைத் தொட முடியல, அவ்வளவு சூடு. இது சாதாரணமா?

மார்த்தாண்டம்_வயரிங்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். சாதாரணம் இல்லை. அதைச் சரிசெய்யும் வரை அடுப்பைப் போடாதீர்கள்.

1600 வாட் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 7 ஆம்பியர். மிக்ஸி, செல்போன் சார்ஜர் போடும் சிறிய சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. ஓடிஜியின் பெரிய மூன்று பின் பிளக்கைக் கன்வெர்ட்டர் வைத்து அதில் சொருகியிருந்தால் சூடு வரத்தான் செய்யும். 16 ஆம்பியர் சாக்கெட், அதற்குத் தனியாக 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 16 ஆம்பியர் எம்சிபி (கரண்டு அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்), நல்ல எர்த், இவ்வளவும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். இன்வெர்ட்டர் லைனிலும் கொடுக்கக் கூடாது.

பெரிய சாக்கெட்டில் போட்டும் சூடானால் உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் உப்புக்காற்றில் பித்தளைக் காலில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். களிம்பு பிடித்த இடத்தில் மின்தடை கூடும், தடை கூடினால் சூடு. சுரண்டித் தேய்ப்பதைவிட சாக்கெட்டையே மாற்றிவிடுவது நல்லது. பிளக் காலும் கறுத்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். கறுத்த பிளக் புதுச் சாக்கெட்டையும் கெடுக்கும்.

கேக் வேகாததற்கும் கரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம். சாயங்காலம் வோல்டேஜ் 190க்கு இறங்கினால் ராடின் சூடு கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்காகக் குறையும், ஏனென்றால் திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதுவரை 10 நிமிடத்தில் சூடான அடுப்பு 15 நிமிடத்துக்கு மேல் எடுக்கும். ஆனால் உங்களுக்கு மேலே கரிகிறதே, அதனால் வோல்டேஜ்தான் காரணம் என்று தோன்றவில்லை.

தக்கலை_பேக்கிங்:

அளவுல குறை ஒண்ணும் இல்ல. கோளாறு சூட்டுல.

பேக்கரி அடுப்புல மேல் சூட்டுக்கும் கேக்குக்கும் நல்ல தூரம் உண்டு. ஓடிஜிங்கிறது சின்னப் பெட்டி. 3 இஞ்ச் டின்ன நடுத்தட்டுல வச்சா, உப்புன மாவுக்கும் மேல் ராடுக்கும் நாலஞ்சு விரல் இடைவெளிகூட மிஞ்சாது. சிவந்த ராடு நேராவே மாவச் சுடும். மேல ஓடு கட்டுன பிறகும் உள்ள இருக்குற மாவு உப்பப் பாக்கும். வழி இல்லேன்னா ஓட்டப் பிளந்துட்டு வரும். அதுதான் நீங்க சொல்ற மலை.

அதனால தட்டு நடுவுல இருக்கணும்னு பாக்காதீங்கோ, கேக்கு நடுவுல இருக்கணும். கீழ இருந்து முதல் இல்லன்னா ரெண்டாவது காடியில (தட்டு சொருகுற பள்ளம்) கம்பித்தட்ட வையுங்கோ. கீழ் ராடு மட்டும், ஃபேன் வேண்டாம். டின் கறுப்பா இருக்குறதால சூட்ட வேகமா இழுக்கும். சாதா அலுமினிய டின் கிடைச்சா பழக்கேக்குக்கு அதுதான் நல்லது. கறுப்புதான் உண்டுன்னா சொன்ன சூட்டுல 10 டிகிரி குறைச்சிடணும். அடியிலயும் சுத்தியும் பட்டர் பேப்பர் ரெண்டு மடிப்பு. பேப்பர் டின் விளிம்புக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது, ராடுல பட்டா பத்திக்கும்.

பழக்கேக்குக்கு 180 ரொம்பக் கூட. 150 டிகிரி, 80 முதல் 95 நிமிஷம். முதல் 50 நிமிஷம் கதவத் தொடாதீங்கோ. பிறகு மேல் நிறம் நல்லா வந்திருந்தா ஃபாயில் ஒரு துண்ட கூடாரம் மாதிரி மேல மூடுங்கோ, ராடுல தொடாம. கடைசியிலும் வெளுப்பா இருந்தா மட்டும் 5 நிமிஷம் மேல் ராடும் சேர்த்துப் போடலாம், பக்கத்துலயே நிக்கணும். குச்சியில ஈரமாவு வரக்கூடாது, ரெண்டு பொடி ஒட்டிக்கிட்டு வந்தா பரவாயில்ல. குத்துற தெர்மாமீட்டர் இருந்தா நடுவுல 96 டிகிரி.

எல்லாரும் விடுற இடம் முன்சூடு. அடுப்பு முகப்புல எரியுற சின்ன விளக்கு அணைஞ்சதும் அடுப்பு சூடாயிட்டுன்னு நினைக்கிறோம். அது சூட்டக் கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட் இருக்குற மூலை சூடாச்சுன்னு மட்டும்தான் காட்டும். சுவரும் தட்டும் இன்னும் ஆறித்தான் கிடக்கும். விளக்கு மூணு தடவ அணைஞ்சு எரியட்டும், மொத்தம் 15 நிமிஷம் பிடிக்கும். அப்புறம் டின்ன வையுங்கோ. கதவ ஒரு தடவ நல்லாத் திறந்தாலே வெளிய போற சூடு கொஞ்சநஞ்சம் இல்ல.

இனி, திருகுல எழுதியிருக்குற எண்ண நம்பாதீங்கோ. இந்த வகை அடுப்புல 150ன்னு வச்சா 170உம் இருக்கும், 135உம் இருக்கும். அடுப்புக்குள்ள வைக்கிற வட்டத் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான். அத தட்டு நடுவுல வச்சு, முன்சூடு முடிஞ்ச பிறகு 20 நிமிஷம் கண்ணாடி வழியா பாருங்கோ. அதிகபட்சம், குறைந்தபட்சம் ரெண்டையும் எழுதிக் கூட்டிப் பாதியாக்குனா அதுதான் அந்த எண்ணோட உண்மைச் சூடு. தெர்மாமீட்டர் இல்லன்னா சீனி போதும். வெள்ளைச் சீனி 186 டிகிரி கிட்ட உருகும். ஃபாயில் கிண்ணத்துல ஒரு ஸ்பூன் சீனிய 175ல 15 நிமிஷம் வச்சா அப்படியே கிடக்கணும், 190ல வச்சா உருகணும். 175லயே உருகிட்டுன்னா உங்க அடுப்பு கூடச் சுடுது.

பழம் அடியில போனதுக்கு ரெண்டு காரணம். ஊறுன சாறோட போட்டிருப்பீங்க. வடிகட்டி, துணியில ஒத்தி, மைதாவுல இருந்து ரெண்டு ஸ்பூன் எடுத்துப் புரட்டிப் போடணும். ரெண்டாவது, வெண்ணெய் உருகிப் போச்சுன்னா மாவு தளர்ந்திடும், பழத்தத் தாங்காது.

குளச்சல்_மீன்சட்டி:

மீனுக்கு வாறேன். அயிலை அவிஞ்சு போறது, ஈரத்தோட ஆழமான தட்டுல நெருக்கி அடுக்குறதாலதான். உப்பு மீன்ல இருந்து தண்ணிய இழுக்கும், அந்தத் தண்ணி தட்டுலயே தங்கி ஆவியாகும். ஆவி இருக்குற வரைக்கும் மேல் தோல் 100 டிகிரியத் தாண்டாது, அப்புறம் எங்க இருந்து மொறுமொறுப்பு வரும்?

கழுவுன மீன துணியாலயோ டிஷ்யூவாலயோ உள்ளும் புறமும் நல்லாத் துடைக்கணும். ரெண்டு பக்கமும் மூணு கீறல். 200 கிராம் மீன் நாலுக்கு மிளகாய்ப் பொடி ரெண்டு டீஸ்பூன், மிளகுப் பொடி ஒண்ணு, மஞ்சள் கால், சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) எட்டு, பூண்டு ஆறு பல், உப்பு, வினிகர் ஒரு ஸ்பூன். தண்ணி விடாம அரைங்க. வறட்டு மசாலா சூட்டுல கரிஞ்சு கசக்கும், அதனால தேங்காண்ணெய் ரெண்டு ஸ்பூன் அதுலயே குழைங்க. அரை மணி நேரம் ஊறினா போதும், ராத்திரி முழுக்க வச்சா வினிகர் சதைய மாவாக்கிடும்.

அடுப்பு 220, ரெண்டு பக்க ராடும், ஃபேனும் போடுங்க. கம்பித்தட்டு மேல மீன், அதுக்குக் கீழ காடியில ஃபாயில் விரிச்ச சொட்டுத்தட்டு. மீனுக்கு மீன் ஒரு விரல் இடைவெளி. 12 நிமிஷம், திருப்பிப் போட்டு 4 நிமிஷம், கடைசி 3 நிமிஷம் மேல் காடிக்கு மாத்தி மேல் ராடு மட்டும். நெய்மீன் துண்டு முக்கால் இஞ்ச் கனம்னா மொத்தம் 12 போதும், கூடுனா சக்கையாயிடும். சாளை 8 நிமிஷம். வாழையிலையில பொதிஞ்சா 200ல 20 நிமிஷம், ஆனா அது ஆவியில வேகுறதுதான், மொறுமொறுப்ப எதிர்பாக்காதீங்க. இலை நுனி ராடுல முட்டாம மடிங்க.

கோழி சுத்துற கம்பிக்கு 1.2 கிலோவுக்கு மேல ஏத்தாதீங்க. இறக்கையையும் காலையும் பருத்தி நூலால கட்டணும், இல்லன்னா ஒவ்வொரு சுத்துக்கும் ராடுல இடிக்கும். ஒரு பக்கம் பாரம் கூடுனா மோட்டார் முனகும், அப்போ எடுத்துத் திருப்பிக் குத்துங்க. 200ல 60 முதல் 70 நிமிஷம். தொடையோட தடிச்ச இடத்துல, எலும்புல படாம 74 டிகிரி வரணும். சொட்டுத்தட்டுல ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி வச்சா கொழுப்பு விழுந்து புகையாது.

இரணியல்_சமையல்கட்டு:

மீன் போட்ட நாத்தம் கேக்குல வராம இருக்க, அடுப்போட அடித்தளத்துலயே ஃபாயில் விரிச்சிடுங்க. கழுவுற வேலையும் மிச்சம்.

மார்த்தாண்டம்_வயரிங்:

மன்னிக்கவும், அது தவறு. கீழ் ராடுக்கு அடியில் ஃபாயில் விரித்தால் சூடு மேலே பிரதிபலித்து அடி கரியும், ராடும் அளவுக்கு மீறிச் சூடாகும். ராடில் ஃபாயில் ஒட்டிக்கொண்டால் உரிக்கவும் முடியாது. ஃபாயில் சொட்டுத்தட்டில் மட்டும் இருக்கட்டும். நாற்றத்துக்கு, அடுப்பு முழுவதும் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு, சோடா உப்பைக் கூழாகக் குழைத்துச் சுவரில் தடவி, ஒரு மணி நேரம் கழித்து ஈரத்துணியால் துடையுங்கள். ராடில் தண்ணீரோ ஸ்பிரேயோ படக் கூடாது.

மழைக்காலத்தில் இரண்டு மாதம் சும்மா கிடந்த அடுப்பைப் போட்டதும் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுவது நம் பக்கம் நிறைய. ராடுக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி, முனை வழியாக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதற்காக எர்த் காலை வெட்டுவது உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியனை வைத்து இன்சுலேஷன் பார்க்கச் சொல்லுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் வெறுமனே ஓட்டினால் ஈரம் சேராது.

நாகர்கோவில்_புதுஅடுப்பு:

எல்லாருக்கும் நன்றி. கன்வெர்ட்டர்தான் போட்டிருந்தேன், நேத்து 16 ஆம்பியர் சாக்கெட் வச்சாச்சு, பிளக் இப்போ வெதுவெதுப்பாகக்கூட இல்ல. தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தா திருகு 150ல 162க்கும் 184க்கும் நடுவுல ஆடுது. வெண்ணெய் விஷயத்துல ஒரு சந்தேகம்: சீனியோட அடிக்கும்போது பளபளன்னு எண்ணெய் மாதிரி ஆகுது. வெளிய ரெண்டு மணி நேரம் வச்சுத்தான் எடுக்கிறேன், புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு.

தக்கலை_பேக்கிங்:

சராசரி 173 வருது பாத்தியளா, 23 டிகிரி கூட. கறுப்பு டின்னுக்கு 10 கழிச்சு உங்களுக்கு வேண்டியது 140. அப்போ திருகு 115 கிட்ட. ஆனா வித்தியாசம் எல்லா எண்ணுலயும் ஒரே மாதிரி இருக்காது, 115ல வச்சு ஒருதடவ அளந்துட்டு மாவக் கலக்குங்கோ.

வெண்ணெய்க்கு அந்த ரெண்டு மணி நேரம் குளிர் ஊர்க் கணக்கு. அடிக்கிறதுக்கு வெண்ணெய் 20, 22 டிகிரியில இருக்கணும், நம்ம அடுக்களை 30. ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்துத் துண்டு போட்டு 15, 20 நிமிஷம் போதும், விரல் அமுக்குனா குழி விழணும், விரல் வழுக்கக் கூடாது. சீனிய பொடிச்சுப் போடுங்கோ. முட்டை ஒவ்வொண்ணா, ஒண்ணு முழுக்கச் சேர்ந்த பிறகு அடுத்தது. திரிஞ்ச மாதிரி வந்தா ஒரு ஸ்பூன் மைதா தூவுங்கோ, சேர்ந்துக்கும்.

அண்டிப்பருப்பு (முந்திரி) சேக்குறதா இருந்தா, கேக்குக்கு முன்னாடி 150ல 12 நிமிஷம் வறுத்து, பாதியில ஒரு கிளறு கிளறிடுங்கோ. நிறம் வர ஆரம்பிச்சதுமே வெளிய எடுத்திடணும், எடுத்த பிறகும் தட்டுச் சூட்டுல இன்னும் சிவக்கும்.

வெந்ததும் டின்னுலயே 20 நிமிஷம் ஆறட்டும், பிறகு கம்பித்தட்டுக்கு. அன்னைக்கே வெட்டுனா உதிரும், பட்டர் பேப்பர்ல சுத்தி மறுநாள் வெட்டுங்கோ.