மறுமொழி: சிறிய ஸ்டெப்னிக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம். சில கார்களில் முழு அளவு ஸ்டெப்னிக்குப் பதிலாக வரும் சிறிய சக்கரத்தைக் கார்க் கையேட்டில் தமிழில் எப்படி அழைப்பது என்பதுதான் இந்த இழையின் கேள்வி.

> "குறுஞ்சக்கரம்" என்றே முடித்துவிடலாம். பார்த்தாலே புரிகிறது.

பார்த்தால் புரியும், சரி. ஆனால் கார் ஓட்டுபவருக்கு அது சிறியது என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் போகலாம் என்பதுதான் தெரிய வேண்டும். டிக்கியில் இடமும் எடையும் மிச்சமாகட்டும் என்று அகலத்தையும் ரப்பரின் கனத்தையும் குறைத்துச் செய்த டயர் அது. மணிக்கு 80 கி.மீ. தாண்டாதே என்று பெரும்பாலும் அதன் மேலேயே எழுதியிருக்கும். அளவெண்ணுக்கு முன்னால் வரும் 'டி' (T) என்ற எழுத்தும் தற்காலிகம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துதான். செய்தவர்களே அளவை விட்டுவிட்டுப் பயனை வைத்துப் பெயரிட்டிருக்கும்போது நாம் ஏன் 'குறு'வைப் பிடித்துத் தொங்க வேண்டும்?

> ஸ்டெப்னி என்பதையே வைத்துக்கொண்டால் என்ன?

எனக்கும் அந்தச் சொல் மேல் பிரியம் உண்டு. வேல்ஸில் லனெத்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் செய்த மாற்றுச் சக்கரத்தின் பெயர் அது. ஆரக்காலே இல்லாத வளையம், அதில் காற்றடைத்த டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல் அதன் மேலேயே இறுக்கிக்கொண்டு போக வேண்டும். ஆக, முதல் ஸ்டெப்னியே தற்காலிக ஏற்பாடுதான்! ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் முழு அளவுச் சக்கரம்தான் நினைவுக்கு வருகிறது. சிறியதைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் மறந்துபோவதும் அதனால்தான்.

"தற்காலிகச் சக்கரம்" பிழையில்லை, கொஞ்சம் அலுவலக வாடை அடிக்கிறது, அவ்வளவே. என் முன்மொழிவு ஒப்பேற்றுச் சக்கரம். இருப்பதை வைத்து ஒப்பேற்றுவது எல்லோருக்கும் தெரிந்த வினை. அதில் ஒலிக்கும் லேசான இளக்காரமும் இங்கே வேண்டியதுதான். கையேட்டு வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன்:

"ஒப்பேற்றுச் சக்கரத்தின் காற்றழுத்தம் பொதுவாக 60 பிஎஸ்ஐ. மற்றவற்றுக்கு அடிக்கும் அளவை இதற்கும் அடிக்க வேண்டாம்."

"முன்சக்கர இயக்கக் காரில் முன் டயர் பஞ்சரானால், பின்சக்கரம் ஒன்றை முன்னால் மாற்றிவிட்டு, ஒப்பேற்றுச் சக்கரத்தைப் பின்னால் பூட்டவும்."

இரண்டாவது வாக்கியத்துக்குக் காரணமும் எழுத வேண்டும். விட்டம் குறைந்த சக்கரம் அடுத்த பக்கத்துச் சக்கரத்தைவிட வேகமாகச் சுழலும். அது எஞ்சின் சுழற்றும் அச்சில் இருந்தால், இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும், வளைவில் மட்டும் வேலை செய்ய வேண்டிய டிஃபரன்ஷியல் நேர்ச்சாலையிலும் ஓயாமல் உழைத்துச் சூடாகும். மெலிந்த டயரின் பிடிப்புக் குறைவு முன்னால் இருந்தால், திருப்புவதும் நிறுத்துவதும் கெடும்.

பராமரிப்புப் பகுதியில் காற்றைத்தான் முதலில் சொல்ல வேண்டும். டிக்கிக்கு அடியில் சும்மா கிடந்தாலும் காற்று மெல்ல இறங்கும், ஓடாத ரப்பருக்கும் வயதாகும். டயரின் பக்கச்சுவரில் உள்ள குறியீடு 2319 என்று முடிந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. இந்த எண்ணுக்கும் ஒரு பெயர் வேண்டும், அதைத் தனி இழையில் பேசலாம்.

ஒரே சிக்கல், டயரை மட்டும் குறிக்கும்போது. "ஒப்பேற்று டயர்" எனக்கு உறுத்தவில்லை. முழு அளவில் வருவதற்கு "மாற்றுச் சக்கரம்" என்று ஒதுக்கிவிட்டால் இரண்டும் குழம்பாது. மறுப்பு இருப்பவர்கள் ஒரு வாக்கியத்திலாவது பொருத்திக் காட்டி எழுதுங்கள்.