ஆபரேஷன் ஆகி ஐந்து நாள், இன்னும் வெளிக்குப் போகவில்லை

யாங்கோன் தங்கச்சி:
அக்காமார்களே, கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அடி இறக்கத்துக்காக (கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது) கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, பிறப்புறுப்பின் பின்பக்கச் சுவரிலும் தையல் போட்டிருக்கிறார்கள். இன்று ஐந்தாம் நாள். வாயு பிரிகிறது, வாந்தி இல்லை, ஆனால் வெளிக்கு மட்டும் போகவில்லை. வலிக்கு ட்ராமடால், ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை. லாக்டுலோஸ் சிரப் 15 மி.லி. காலையும் இரவும் என்று எழுதியிருந்தது. இருமல் மருந்து என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டேன் (சிரிக்காதீர்கள்), நேற்றுத்தான் ஆரம்பித்தேன். மாமியார் விளக்கெண்ணெய் என்கிறார். பக்கத்து வீட்டு பர்மியப் பாட்டி பேதியாகும் என்று மெசலி (மஞ்சள் கொன்றை) இலையை அவித்துக் கொண்டுவந்துவிட்டார். முக்கினால் தையல் விட்டுவிடுமோ என்று கக்கூஸ் பக்கம் போகவே பயமாக இருக்கிறது.

மோல்மேன் அக்கா:
எனக்கும் இதே ஆபரேஷன்தான். லாக்டுலோஸ் குடித்த ராத்திரியே வேலை செய்யாது தங்கச்சி, இரண்டு நாள்கூட ஆகும். அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்குகிற மருந்து, நீ தண்ணீரே குடிக்காமல் இருந்தால் எதை இழுக்கும்? முதலில் வயிறு உப்பும், அது சகஜம். எனக்குக் குடலைக் கட்டிப்போட்டது ட்ராமடால்தான். டாக்டரிடம் கேட்டு பாரசிட்டமாலுக்கு மாறிய பிறகுதான் வழி பிறந்தது.

அப்புறம், கமோடில் உட்காரும்போது காலுக்கடியில் டீக்கடைக் குட்டை ஸ்டூல் ஒன்று போட்டுக்கொள். முழங்கால் இடுப்புக்கு மேலே வரவேண்டும். முன்னால் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சை மெல்ல விடு. மூச்சைப் பிடித்து முக்காதே. சுத்தமான துணியை மடித்துத் தையல் பக்கம் லேசாகத் தாங்கிக்கொண்டால் பயம் பாதி போய்விடும். வருகிற மாதிரி இருந்தால் அடக்காதே.

பாட்டி மனசு நோகாமல் மெசலியை வாங்கி வை. பர்மிய தசௌங்மோன் மாதப் பௌர்ணமிக்கு அதன் மொட்டைச் சாலட் செய்து நாமும் சாப்பிடுகிறோம்தான், ஆனால் சிரப்போடு சேர்த்து இப்போது எவ்வளவு என்று யார் அளப்பது? விளக்கெண்ணெயும் வேண்டாம், வயிற்றை முறுக்கிவிடும்.

பழைய மருந்துக்கடைக்காரர்:
அக்கா சொன்னது சரி. இரண்டு நாளில் அசையாவிட்டால் டாக்டரைக் கேட்டு சென்னா அல்லது பிசகோடில் பேதி மாத்திரையை ராத்திரியில் போடலாம், காலையில் வேலை செய்யும். பிசகோடிலைப் பாலோடு விழுங்காதீர்கள், மேல் பூச்சு முன்னாடியே கரைந்து வயிறு எரியும். ட்ராமடால் ஓடும்போது இசப்கோல் (நார்ச்சத்து உமி) வேண்டாம், தண்ணீர் குறைந்தால் உள்ளேயே கட்டியாகிவிடும். பின்பக்கம் தையல் இருப்பதால் எனிமாவோ ஆசனவாயில் வைக்கும் மாத்திரையோ சர்ஜனைக் கேட்காமல் கூடாது. வாந்தி வந்து, வயிறு வீங்கி, வாயுவும் நின்றுவிட்டால் எந்தப் பேதி மருந்தும் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

யாங்கோன் தங்கச்சி:
டாக்டருக்கு போன் பண்ணினேன், ட்ராமடாலை நிறுத்தச் சொல்லிவிட்டார். இன்று காலை கொஞ்சம் போனது அக்கா! தையல் பத்திரம். தெருமுனை டீக்கடையில் ஸ்டூல் இரவல் வாங்கிவந்தான் மகன். எதற்கென்று அவர்கள் கேட்டதற்கு, அம்மா காய் நறுக்க என்று சொன்னானாம்.